கியர் சைக்கிளுக்கு ஒரு கேரியர்

என் சைக்கிளுக்கும் அதன் கேரியருக்கும் கொஞ்சமும் பொருத்தம் கிடையாது. சைக்கிள் நீல நிறம். கியர் வைத்தது, தடித்த டயர், நேரான ஹேண்டில்பார், பார்த்தாலே வெளியூர்ச் சரக்கு என்று தெரியும். கேரியரோ பால்காரர்கள் கேன் கட்டுவதற்குப் போடுகிற கனமான கறுப்பு இரும்பு. அதன்மேல் ரெக்சின் தைத்த ஒரு மெத்தை, கீழே இடப்பக்கம் கால் வைத்துக்கொள்ள ஒரு கம்பி. செங்கம் ரோட்டில் நான் வழக்கமாக நிறுத்துகிற டீக்கடையின் மாஸ்டர் இதை முதல் தடவை பார்த்தபோது கிளாஸ் கழுவுவதை விட்டுவிட்டுச் சிரித்தார். "இன்னா மேடம், பேண்ட் ஷூ எல்லாம் போட்டுக்கினு தலையில முண்டாசு கட்னா மாதிரி இருக்குதே!" என்றார். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. யாரை உட்கார வைக்க இது என்று கேட்பவர்களுக்குத்தான் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை. இந்தக் கேரியரில் இதுவரை ஒருத்தரும் உட்கார்ந்ததில்லை. இனிமேல் உட்காரப் போவதும் இல்லை.

இது சிஸ்டருக்காகப் போட்டது. சிஸ்டர் என் உடன்பிறந்தவர் இல்லை. திருவண்ணாமலையில் நான் ரத்தப் பரிசோதனை பார்க்கிற சின்ன நர்சிங் ஹோமில் தலைமை நர்ஸாக இருந்தவர். டாக்டரிலிருந்து அவர் தெருப் பால்காரர்வரை எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அறுபது வயது, குள்ளமான உருவம், எந்நேரமும் அவசரம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிற தைரியம் எங்களில் யாருக்கும் வந்ததில்லை. மற்றவர்களை அவர் வேலையின் பெயரால்தான் கூப்பிடுவார். மருந்துக் கவுண்டரில் இருப்பவர் "மாத்திரை", ஸ்கேன் எடுப்பவர் "ஸ்கேனு", நான் "லேபு". வார்டின் கோடியிலிருந்து "ஏ லேபு!" என்று ஒரு சத்தம் போட்டால் ஊசிக்குப் பயந்து படுத்திருப்பவர்களும் எழுந்து உட்காருவார்கள். சர்க்கரை நோயாளிக்கு வாழைப்பழம் வாங்கி வந்த சொந்தக்காரரை வாசல்வரை விரட்டித் திட்டுவார். அரைமணி கழித்துப் பார்த்தால் அதே ஆளுக்குத் தன் டிபன் பாக்ஸிலிருந்து இட்லி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

முதல் ஒரு வருடம் நான் அவருக்குப் பயந்துகொண்டுதான் இருந்தேன். பிறகு மத்தியானச் சாப்பாடு எங்களைச் சேர்த்து வைத்தது. வெளிநோயாளிகள் எல்லாம் போன பிறகு இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை நர்சிங் ஹோமில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் இருக்கும். லேபில் என் ஸ்டூலில் நானும், ரத்தம் எடுக்கிற நாற்காலியில் அவரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஆறு வருடம் அப்படி. பேசியதைவிடச் சும்மா உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். அந்த இரண்டு மணி நேரம் இல்லாவிட்டால் ஒரு நாள் முழுக்க நான் யாரோடும் வாயைத் திறந்திருக்க மாட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சிஸ்டருக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம் இருந்தது. மலையை இன்னும் ஒரு தடவை சுற்ற வேண்டும். பௌர்ணமிக் கூட்டத்தில் இல்லை. பௌர்ணமியன்று கால் கொப்பளித்தவர்களும் மயங்கி விழுந்தவர்களும் எங்களிடம் வந்து நிற்பார்கள், அன்றைக்கு அவருக்கு லீவே கிடையாது. தன் வார விடுமுறையில் விடிகாலையில், செருப்பில்லாமல், மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு தனியாக நடந்துவிட்டு வருவார். இருபது வருடத்துக்கு மேல் அப்படி நடந்திருக்கிறார். வாழ்நாள் முழுக்க நின்றே வேலை செய்த முட்டி ஒரு நாள் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. குபேர லிங்கத்துக்கு அருகில் சற்று உட்காரலாம் என்று உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. யாரோ இரண்டு பேர் தூக்கிவிட்டு ஆட்டோ ஏற்றி அனுப்பினார்கள். அதோடு நின்றது.

"ஆட்டோவுல சுத்திட்டு வாங்களேன் சிஸ்டர், இப்ப பாதிப் பேரு அப்படித்தான் போறாங்க" என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். "ஆட்டோவுல போனா அது சவாரி. மலைய மனுஷன் சுத்தணும், பெட்ரோல் சுத்தக்கூடாது" என்று வெட்டிவிடுவார். மத்தியானம் சாப்பிட்டு முடித்துப் புடவையை முட்டிவரை ஏற்றி, தைலம் தேய்த்துக்கொண்டே, "இன்னும் ஒரே ஒரு வாட்டி சுத்திட்டா போதும்டி லேபு" என்பார். எத்தனை தடவை கேட்டிருப்பேன்! தினமும் கேட்டுக் கேட்டு, மின்விசிறிச் சத்தம்போல அதுவும் என் காதில் விழாமல் போய்விட்டது.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. கணவரிடமிருந்து பிரிந்து வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. பிறந்த வீடு கீழ்பென்னாத்தூரில்; அங்கே அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள். எனக்கென்று அங்கே ஒரு பாய் விரிக்க இடம் உண்டு, அவ்வளவுதான். ரமணாசிரமத்துக்குப் பின்புறத் தெரு ஒன்றில் மாடி அறை எடுத்துத் தனியாக இருந்தேன், இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். வந்த புதிதில் யாராவது "வீட்ல எத்தனை பேரு?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். போகப்போக நானே முந்திக்கொள்ளப் பழகிவிட்டேன். "நான் ஒண்டி ஆளு." வீட்டு ஓனரிடம், காஸ் போட வருகிறவரிடம், காய்கறிக்காரம்மாவிடம், எல்லோரிடமும் இதைத்தான் சொன்னேன். அந்த ஒரு சொல்லைப் போட்டால் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கடைசியில் அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்துவிட்டது, உண்மையைச் சொன்னால் என்ன? சிஸ்டரும் தனி ஆள்தான். சின்னக்கடைத் தெருப் பக்கம் ஓர் ஒற்றை அறை, ஒரு ஸ்டவ், ஒரு கட்டில். ஆனால் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை.

ஒரு நாள் என் ரத்தத்தை நானே எடுத்து மெஷினில் வைத்துப் பார்த்தேன். சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். எங்கள் தெரு நாய்களோ நடப்பவர்களை விடுவதாக இல்லை. சைக்கிள் வாங்கலாமா என்று யோசனை வந்தது அப்படித்தான். எனக்கு ஓட்டத் தெரியாது. எங்கள் வீட்டில் சைக்கிள் அண்ணனுக்குத்தான். பள்ளிக்கூடத்தில் இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தபோது நான் படிப்பை முடித்திருந்தேன். நாற்பதைத் தாண்டி சைக்கிள் கற்றுக்கொள்வதா என்று கூச்சப்பட்டுக்கொண்டே மத்தியானம் சிஸ்டரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ சோற்றுக் கையை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வாங்கு. மொதல்ல வாங்கு. சைக்கிள்ல மலைய சுத்தினா அது கணக்குல சேரும்டி" என்றார். ஆட்டோ சேராதாம், சைக்கிள் மட்டும் சேருமாம்; அது எப்படி என்று கேட்டேன். "மிதிக்கிறது காலுதானே? யாரு காலா இருந்தா இன்னா, மனுஷக் காலு மிதிச்சா நடந்தா மாதிரிதான்." எனக்கு நடையிலிருந்து விலக்கு தருகிறார் என்று எடுத்துக்கொண்டேன். என் புத்தியை எதைக்கொண்டு அடிப்பது?

அடுத்த மூன்று வாரம் எங்கள் மத்தியானங்கள் முழுக்க சைக்கிள்தான். போனில் வீடியோ பார்ப்போம், சிஸ்டர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஒரு காசு போடமாட்டேன் என்று நான் முடிவு செய்திருந்தேன். அந்த எட்டாயிரத்துக்குள் எத்தனை ஜாதி! நடுவில் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள், மேடு பள்ளத்துக்கு என்று தடித்த டயர் போட்டது, மெல்லிய டயரில் பறக்கிறது, கியர் வைத்தது. எனக்குக் கியரின் மேல்தான் கண். ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் அதில்தான் போவார்கள். முதுகை நிமிர்த்திக்கொண்டு, யாரும் தேவையில்லாதவர்களைப் போல. ஆனால் கியர் சைக்கிள் வாங்கினால் ஸ்டாண்டு, மட்கார்டு, மணி, பூட்டு எல்லாம் தனித்தனியாக வாங்க வேண்டும் என்று வீடியோவில் சொன்னதும் சிஸ்டருக்குக் கோபமே வந்துவிட்டது. "இது இன்னாடி அக்கிரமம், புள்ளையப் பெத்துத் துணி சுத்தாம கையில குடுக்கறா மாதிரி!" அவருக்கு லேடீஸ் சைக்கிள்தான். முன்னால் கூடை, பின்னால் கேரியர். "கேரியர் இல்லாத வண்டி ஒரு வண்டியா?" என்று அதிலேயே நின்றார். "எனக்கு எதுக்கு சிஸ்டர் கேரியர்? ஒரு ஆளு திங்கிற கத்திரிக்காய்க்குக் கூடையே ஜாஸ்தி" என்பேன் நான்.

அதே நாட்களில்தான் சிஸ்டர் எடை பார்க்க ஆரம்பித்தார். சாப்பிடப் போகும் முன் நோயாளிகளை நிறுத்துகிற மெஷினில் ஏறி நின்று முள்ளைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார். முதல் நாள் அறுபத்தொன்று. எதிர்க்கடையிலிருந்து தினமும் நான்கு மணிக்கு வரவழைக்கிற போண்டாவை நிறுத்திவிட்டார். முட்டிக்கு நல்லது என்று நானும் பாராட்டினேன். அறுபது ஆயிற்று, ஐம்பத்தொன்பது ஆயிற்று. "எழுவத்தஞ்சு கிலோ மூட்டையையே சைக்கிள்ல ஏத்திக்கினு போறானுங்க. நான்லாம் ஒரு பாரமாடி?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். இன்னொரு நாள், ஒன்றும் தெரியாதவர்போல் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "புதுசா கத்துக்கறவங்க எவ்ளோ நாள்ல ஆளு ஏத்திக்கினு ஓட்டலாம்?" என்றார். "மொதல்ல நான் விழாம ஓட்டறேன், அப்புறம் பாக்கலாம்" என்று சொன்னேன். இவ்வளவையும் காதால் கேட்டவள்தான் நான். ஒரு மனுஷி வாய்விட்டு இதற்குமேல் எப்படிக் கேட்பாள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் தேரடித் தெருவில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனோம். சிஸ்டர் அரக்குப் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். வெள்ளையைத் தவிர வேறு நிறத்தில் அவரைப் பார்த்துப் பழக்கமில்லாததால் எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. "அம்பத்தெட்டு!" என்றார் என்னைப் பார்த்ததும். காலையில் நர்சிங் ஹோமுக்குப் போய் மெஷினில் ஏறி இறங்கிவிட்டு வந்திருக்கிறார். கடைக்குள் நுழைந்து, வீங்கின காலை அழுத்திப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு டயரையும் கட்டைவிரலால் அழுத்தினார், பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டார். கடைக்காரப் பாய் பொறுமையான மனிதர். என்னை ஒரு சைக்கிளில் ஏற்றி உட்காரவைத்து சீட்டை இறக்கிக் கொடுத்தார். "புதுசா ஓட்டறவங்களுக்கு ரெண்டு காலும் தரையில படணும்மா. அழகு அப்புறம். கியர் வண்டி புதுசு பதினாலாயிரம் ஆவும், உங்களுக்கு ஜாஸ்தி. கம்மி விலையில கியர் வாங்கினீங்கன்னா மாசாமாசம் என் மூஞ்சியப் பாக்கணும்" என்றவர், ஆறாயிரத்து ஐந்நூறுக்கு ஒரு லேடீஸ் சைக்கிளை வெளியே எடுத்து நிறுத்தினார். மெரூன் நிறம். சிஸ்டர் அதன் பின்னால் போய்க் கேரியரில் உள்ளங்கையை வைத்து ஒரு தடவை அழுத்தினார். பிறகு கையை எடுக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

பாய் அதைப் பார்த்தார். "பின்னாடி ஆளு உக்காருவாங்களாம்மா? உக்காருவாங்கன்னா சொல்லிடுங்க, இந்தக் கேரியர் பத்தாது. டபுள் கம்பி போட்டு, கால் வெக்க ஒரு ஸ்டெப்பு வெச்சுத் தரேன்" என்றார். கேள்வி என்னிடம். பதில் என் நாக்கில் ஏழு வருடமாகத் தயாராக இருந்ததுதானே? சிரித்துக்கொண்டே சொன்னேன்: "எனக்கு யாரு பாய் இருக்காங்க உக்கார? நான் ஒண்டி ஆளு."

சிஸ்டர் கேரியரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். எடுத்த கையை என்ன செய்வது என்று தெரியாதவர்போல் முந்தானையில் துடைத்தார். "வெயில் ஏறுது, போலாம்" என்றார். ஷேர் ஆட்டோவில் வெளியே பார்த்தபடி முட்டியைத் தடவிக்கொண்டே வந்தார். முட்டி வலி போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். தெருமுனையில் இறங்கும்போது, "உனக்கு எது புடிக்குதோ அதையே வாங்கிக்க லேபு. ஓட்டப் போறது நீதானே" என்றார். அந்தப் பெருந்தன்மையில் எனக்கு ஒரே சந்தோஷம்.

பிடித்ததையே வாங்கினேன். எங்கள் பகுதியில் குளிர்காலத்துக்கு வந்து தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், வெயில் ஆரம்பித்ததும் கிளம்பும்போது சைக்கிளை விற்றுவிட்டுப் போவார்கள். விற்பனை நோட்டீஸ் காபிக் கடைச் சுவர்களில் ஒட்டியிருக்கும். அப்படி ஓர் அம்மாளிடமிருந்து ஏழாயிரத்துக்கு இந்த நீல சைக்கிள் கிடைத்தது. பூட்டும் ஸ்டாண்டும் அதிலேயே இருந்தன. அந்த அம்மாள் சைக்கிளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கண்கலங்கி, என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஏழு வருடத்தில் என்னைக் கட்டிப்பிடித்த ஒரே ஆள் அவர்தான் என்று மத்தியானம் வேடிக்கையாகச் சொன்னேன். சிஸ்டர் லேசாகச் சிரித்தார். அன்று நான்கு மணிக்குப் போண்டா வந்தது. எடை மெஷின் பக்கம் அவர் போய்ச் சில நாட்களாகியிருந்தன. அதையும்தான் நான் பார்த்தேன், பார்த்துவிட்டு என் பங்குப் போண்டாவைத் தின்றேன்.

ஊருக்கு வெளியே மனை போட்டு விற்காமல் கிடந்த ஒரு காலி இடத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதற்கும் சிஸ்டர் வந்தார், அதுதான் இன்றைக்கும் என்னைக் கொல்கிறது. மஞ்சள் பெயிண்ட் அடித்த மனைக்கல் ஒன்றில் கால் நீட்டி உட்கார்ந்து, பஞ்சும் டிஞ்சரும் கைப்பையில் வைத்துக்கொண்டு, நான் விழும்போதெல்லாம் "எழுந்துருடி, எலும்பு உடையல, சத்தம் கேக்கல" என்று கத்துவார். பத்து நாளில் விழாமல் ஓட்டினேன். ஒரு நாள் நான் ஒரு வட்டம் அடித்து வந்து பெருமையாக நிறுத்தியபோது சைக்கிளின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பின்னாடி மொட்டையா இருக்குது" என்றார். "இதுதான் சிஸ்டர் ஸ்டைலு" என்றேன்.

பிறகு நான் தினமும் காலையில் மலையைச் சுற்ற ஆரம்பித்தேன். பதினாலு கிலோமீட்டர். முதல் தடவை செருப்பில்லாமல்தான் போனேன். இந்த சைக்கிளின் பெடல் இரும்பு, பிடிப்புக்காகப் பல் பல்லாக இருக்கும். யம லிங்கம் தாண்டுவதற்குள் உள்ளங்கால் கன்றிவிட்டது. மறுநாளிலிருந்து ஷூ. அதைச் சொன்னதும் சிஸ்டருக்கு அடக்க முடியாத சிரிப்பு. "நம்ம ஊரு லேடீஸ் சைக்கிள்ல ரப்பர் பெடல்டி! வெறுங்கால வெச்சா மெத்துமெத்துனு இருக்கும்!" சிரித்து முடித்துவிட்டு விவரம் கேட்பார். நிருதி லிங்கத்து வேப்பமரம் இன்னும் இருக்கிறதா? அடி அண்ணாமலையில் அந்த டீக்கடை திறந்தாகிவிட்டதா? மலை எந்த இடத்திலிருந்து பார்த்தால் இன்றைக்கு நன்றாகத் தெரிந்தது? நான் ஊர் சுற்றிவிட்டு வந்தவள்போல் அளந்து விடுவேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

அடுத்த ஆவணியில் சிஸ்டர் வேலையை விட்டார். வேலூரில் இருந்த அண்ணன் மகன், நல்ல பிள்ளை, முட்டிக்கு ஆபரேஷன் செய்து தன்னோடு வைத்துக்கொள்கிறேன் என்று வந்து அழைத்தான். கிளம்புகிற நாளில் லேபுக்கு வந்து அந்த நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தார். "வரேன்டி லேபு. ஒழுங்கா சாப்டு" என்றார். "ஆபரேஷன் முடிஞ்சதும் நடந்தே சுத்தலாம் சிஸ்டர்" என்றேன். "ஆமா, ஆமா" என்றார். ஆபரேஷன் நடக்கவே இல்லை. ஐப்பசி மழையில் ஒரு காலை போன் வந்தது, தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாம். அடித்துப்பிடித்து பஸ் ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் யார் என்று அந்த வீட்டில் ஒருவர் கேட்டார். கூட வேலை பார்த்தவள் என்றேன்.

இதோடு நின்றிருந்தால் மனம் ஆறிவிட்டிருக்கும். போன தை மாதம் ஓர் ஆட்டோக்காரர் தன் மனைவியைச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அழைத்து வந்தார். அந்தப் பெண்ணின் கையில் நான் ஊசியைப் போட்டு ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இங்க ஒரு வயசான நர்ஸம்மா இருந்தாங்களே, இன்னா ஆனாங்க?" என்றார். சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "அடடா. வேலூர் போறதுக்கு முந்தின வாரம் விடியக்காலைல நான்தான் அவங்கள மலை சுத்தக் கூட்டினு போனேன்" என்றார்.

ஆட்டோவிலா, சிஸ்டரா என்று கேட்டேன். "ஆமாங்க. செருப்பக்கூட ரூம்லயே உட்டுட்டு வந்தாங்க. ஒவ்வொரு லிங்கத்துகிட்டயும் நிறுத்தச் சொல்லி, கால மட்டும் கீழ வெச்சி, என் வண்டிக் கம்பியப் புடிச்சிக்கினு நின்னு கும்பிட்டாங்க. அடி அண்ணாமலைல எனக்கும் டீ வாங்கிக் குடுத்தாங்க. ஏம்மா, கூட யாரும் வரலியான்னு கேட்டேன். யாருப்பா இருக்காங்க, நான் ஒண்டி ஆளுன்னாங்க. சைக்கிள்ல பின்னாடி உக்காந்து சுத்தணும்னு ரொம்ப ஆசையா இருந்தேன்பா, அமையலன்னு சொன்னாங்க. சொல்லிட்டு அவங்களே சிரிச்சாங்க."

"வலிக்குதுங்க" என்றாள் அவர் மனைவி. ஊசியைப் பிடித்த என் கை அப்படியே நின்றுபோயிருந்தது.

அன்று மத்தியானம் காலியான அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்காமல் அழுதேன். என் அப்பா செத்தபோதும், கணவர் வீட்டிலிருந்து பெட்டியோடு இறங்கியபோதும் அப்படி அழுததில்லை. அறுபத்தொன்று, அறுபது, ஐம்பத்தொன்பது என்று அவர் மெஷினில் நின்று கத்தியது எல்லாம் இப்போதுதான் காதில் விழுந்தது. ஒண்டி ஆள் என்று ஊர் முழுக்கப் பறையடித்துக்கொண்டு திரிந்தேனே, பக்கத்தில் ஒருத்தி பூ வைத்துக்கொண்டு, போண்டாவை விட்டு, மூன்று கிலோ இளைத்து, என் சைக்கிளில் ஏற நின்றுகொண்டிருந்தாள். அவளை வைத்துக்கொண்டேதான் எனக்கு யாருமில்லை என்று சொன்னேன். சொன்னதோடு போகாமல் அந்தச் சொல்லைச் சிஸ்டருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டேன். அவர் ஆட்டோவில் சுற்றிய அந்தக் காலையில் நானும் அதே ரோட்டில்தான் எங்கோ முன்னாலோ பின்னாலோ ஷூ போட்டுக்கொண்டு மிதித்துப் போயிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சைக்கிளை உருட்டிக்கொண்டு தேரடித் தெருவுக்குப் போனேன். பாய்க்கு என்னை நினைவில்லை. பல் வைத்த பெடலைக் கழற்றிவிட்டு ரப்பர் பெடல் போடச் சொன்னேன், போட்டார். கேரியர் என்றதும் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்த வண்டிக்கு அதுக்கான ஓட்டையே இல்லம்மா. கிளாம்பு போட்டு வெல்டு வெக்கணும். பாக்க நல்லாவும் இருக்காது. வேணுமா?" என்றார். வேணும் என்றேன். கடைக்குள் தொங்கிய கனமான கறுப்பு இரும்புக் கேரியரைக் கைகாட்டிக் கேட்டேன். அன்று மெரூன் சைக்கிள் நின்ற இடத்தில் குழந்தைகள் சைக்கிள் வரிசையாக நின்றுகொண்டிருந்தது.

பாய் அளவெடுக்க உட்கார்ந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "பின்னாடி ஆளு உக்காருவாங்களா, இல்ல சாமான் வெக்கவா?"

"ஆளுதான் பாய். மெத்தையும் கால் வெக்க ஸ்டெப்பும் வேணும்."

"எவ்ளோ வெயிட்டு இருப்பாங்க? அதுக்கேத்தா மாதிரி கம்பி போடணும்."

"அம்பத்தெட்டு கிலோ" என்றேன்.

"அவ்ளோதானா?" என்றார் பாய். "தாராளமா தாங்கும்மா."